கருங்கொடிக்குளத்துக் கல்யாண மேளம்

வடகரை, கருங்கொடிக்குளம்
(வள்ளியூர் வழி)
1909 ஜனவரி 11, திங்கள்

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தியார் ஞானையா அவர்களுக்கு வடகரை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் பாக்கியசீலன் எழுதுவது. ஸ்தோத்திரம்.

இங்கே நானும் என் வீட்டம்மாள் சாரம்மாளும் மகள் இன்பமணியும் சுகம். அக்கரையில் தாங்களும் தங்கள் வீட்டம்மாளும் மாப்பிள்ளை மாசிலாமணியும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

கல்யாணத்தை பிப்ரவரி 22, திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு எங்கள் கோவிலில் நடத்திவைக்கப் பாதிரி ஐயர் ஒப்புக்கொண்டார். அதற்கு இரண்டாம் நாள் சாம்பல் புதன். லெந்து உபவாச காலத்தில் எங்கள் ஐயர் கல்யாணம் செய்துவைப்பதில்லை. தங்கள் லண்டன் மிஷனில் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். இங்கே உண்டு. அவர் மார்ச் முதல் வாரம் தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்புக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வேலையை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால், இதை விட்டால் நமக்கு வேறு நாள் இல்லை.

ஒரு சிறு வேண்டுகோள். நிச்சயத்தன்றே சொல்லியிருக்க வேண்டும். பாயசம் பரிமாறும்போது சொல்ல மனம் வரவில்லை.

கல்யாணத்துக்கு வரும்போது மேளமும் அதிர்வேட்டும் வேண்டாம்.

காரணம் இதுதான். கோவிலைச் சுற்றி நிற்கும் புளியமரங்களிலும் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும் இப்போது இலையைவிடக் கூடு அதிகம். கூழைக்கடாவும் செங்கால் நாரையும் மார்கழியில் வந்து இறங்கி முட்டையிட்டுவிட்டன. கல்யாண நாளில் குஞ்சுகள் ரோமம் முளைக்காமல் இருக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்றே இந்தப் பறவைகளை எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். இந்துக்களாயிருந்தாலும் கிறிஸ்தவர்களாயிருந்தாலும் இதில் இரண்டு பேச்சு இல்லை. தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது. கோவில் மணியின் நாக்கில் துணி சுற்றியிருக்கிறது. பிந்தி வருகிறவர்களுக்கு அது ஒரு சாக்கு. தண்டோராக்காரர்கூடப் பறையைத் தட்டாமல், வாயால் "டும் டும்" என்று சொல்லிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்.

தாங்கள் பெரிய மனது பண்ண வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
பாக்கியசீலன்


தென்கரை
கொல்லம் ஆண்டு 1084, தை 4

சம்பந்தி பாக்கியசீலன் வாத்தியாருக்கு ஞானையா எழுதிக்கொண்டது.

உம்முடைய காகிதம் கோரை அறுக்கிற முத்துமாலையின் தோணியில் வந்தது. இனிமேலும் அவன் கையிலேயே கொடுத்தனுப்பும். எங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் அஞ்சலில் போட்டு, அது உங்கள் வெள்ளைக்காரச் சர்க்கார் தபாலுக்கு மாறி வருவதற்குள் நீர் சொல்லுகிற முட்டையெல்லாம் குஞ்சாகிப் பறந்துவிடும்.

முதலில் வேடிக்கைக்கு எழுதியிருக்கிறீர் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி சாலோமிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டது: "மேளம் வேண்டாங்காகளே, பொண்ணு வீட்ல ஏதும் எழவா?"

கோட்டாறு அசன் மைதீன் பாயின் பேண்டு பேசி முடித்தாயிற்று. அவருடைய பெரிய மேளத்தை ஒரு ஆள் கட்டித் தூக்க முடியாது. ஒருவன் சுமக்க ஒருவன் அடிக்க வேண்டும். அவர் அடித்தால் பூதப்பாண்டியில் படுத்திருக்கிறவன் எழுந்து உட்காருவான். அப்பேர்ப்பட்ட மேளத்தைப் பேசிவிட்டு, நாரை தூங்குகிறது என்று நான் பூனைபோல் வரவேண்டுமா?

அந்தப் பறவைகளை நீர் எனக்குச் சொல்லித் தரவேண்டாம். குளத்தின் தென்பாதியில் மீன் குத்தகை என்னுடையது. விடிந்ததும் உம்முடைய கூழைக்கடா எல்லைக்கல்லைத் தாண்டி என் பக்கம் வருகிறது. பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து, அரைவட்டமாக நின்று, கெண்டையையும் விராலையும் கரைக்கு ஓட்டி, தாடைப் பையில் அள்ளிக்கொண்டு திரும்பிப் போகிறது. என் ஆட்களுக்கு அந்த ஒற்றுமை இல்லை. தின்கிறது இங்கே, எச்சம் போடுகிறது அங்கே. மீன் மகாராஜாவுடையது, எரு உங்கள் வயலுக்கு. தாய்வீடு வந்த பெண்களாம்! பிறந்த வீட்டுக்காரர் நீங்கள், சோறு போடுகிறவன் நானா?

மேளம் வரும்.

ஞானையா


வடகரை
1909 ஜனவரி 20, புதன்

அன்புள்ள சம்பந்தியார் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை சாரம்மாளுக்கு வாசித்துக் காட்டவில்லை. எங்கள் வீட்டில் இழவு இல்லை என்பதை மட்டும் தங்கள் வீட்டம்மாளுக்குத் தெரிவிக்கவும்.

தாங்கள் எழுதியதில் உண்மை இருக்கிறது. அவை தங்கள் பக்கத்து மீனைத் தின்கின்றன. எங்கள் பக்கத்து மீனையும் தின்கின்றன. நேற்று மாலை கவனித்தேன். நடுக்குளத்து எல்லைக்கல்லின்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கை காயவைத்துக்கொண்டிருந்தது. ஒரு இறக்கை திருவிதாங்கூரில், ஒரு இறக்கை திருநெல்வேலி ஜில்லாவில். அதனிடம் எந்தச் சர்க்கார் கச்சேரிக்காரர் விசாரிப்பது?

மேளத்தைப் பற்றி நான் ஊர்க்காரரிடம் பேசிப் பார்த்தேன். பெண் வீட்டுக்காரன் என்ற முறையில் சற்றுக் கெஞ்சியே பேசினேன். "வாத்தியாரே, ஒம்ம மகளுக்கு ஒரு நாளு கல்யாணம். அதுகளுக்கு வருசத்துக்கு ஒரு பேறு" என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவன். மற்றவர்களுக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று நடந்துகொள்ள இயலாது.

தங்களுக்கு எரு விஷயத்தில் மனக்குறை இருப்பதாகத் தெரிகிறது. அதை என்னால் தீர்க்க முடியும். மரங்களுக்கு அடியிலுள்ள வண்டல் இந்தப் பக்கத்தில் வாழைக்கும் நெல்லுக்கும் பேர்போனது. கல்யாணச் சீரோடு இரண்டு வண்டி வண்டல் அனுப்பித் தருகிறேன். தயவாய் ஏற்றுக்கொள்ளவும்.

பாக்கியசீலன்


தென்கரை
1084, தை 13

வாத்தியாருக்கு,

பட்டும் பாத்திரமும் சீராகக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பறவை எச்சத்தை வண்டி கட்டிச் சீராக அனுப்புகிறேன் என்று எழுதின சம்பந்தி இந்த இரண்டு ராஜ்யத்திலும் நீர் ஒருவர்தான். சாலோமி இன்றைக்குக் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. சம்பந்தம் பார்த்தவன் நான்தானே.

வேடிக்கையை விட்டுவிட்டு ஒரு காரியம் சொல்லுகிறேன். இதை நான் யாருக்கும் எழுதினதில்லை.

என் தகப்பனார் கல்யாணத்துக்கு மேளம் இல்லை. எங்கள் சனம் மேளம் வைத்துக்கொண்டு தெருவில் போகக்கூடாது என்று அந்தக் காலத்தில் இங்கே கட்டுப்பாடு. என் கல்யாணத்துக்கு ஒரு மேளக்காரனைத் துணிந்து கூட்டிவந்தோம். தெருமுனையில் நாலு பேர் தடியோடு நின்றார்கள். மேளத்தை இறக்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கோவிலுக்குப் போனேன். அன்றைக்கே நினைத்தேன், எனக்கு ஒரு மகன் பிறந்தால் அவன் கல்யாணத்துக்கு ஊர் அதிர மேளம் அடித்துக்கொண்டு போவேன் என்று. இப்போது தடியோடு நிற்க யாரும் இல்லை. கூழைக்கடா நிற்கிறது!

ஆகையால் இதை நான் விடமாட்டேன். மூன்று வாரம் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலையில் முதலாவதை ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோவிலில் வாசிக்கப்போவதாக அறிந்தேன். இரண்டாவது ஓலைக்கு நான் அங்கே வருவேன். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்" என்று ஐயர் சபையாரைக் கேட்பார் அல்லவா? கேட்கட்டும்.

ஞானையா


வடகரை
1909 பிப்ரவரி 8, திங்கள்

ஞானையா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் "தாங்கள்" என்பதை விட்டுவிட்டு "நீர்" என்று எழுதுகிறேன். அதற்கு நேற்றைய ஆராதனை காரணம்.

நீர் உண்மையாகவே எழுந்து நிற்பீர் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மணமகனின் சொந்தத் தகப்பனே ஓலைக்குத் தடை சொன்ன வழக்கத்தை எங்கள் ஐயர் தம்முடைய இருபது வருஷ ஊழியத்தில் கண்டதில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "தடை இருக்கு ஐயரே! கூழைக்கடா!" என்று நீர் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் பெஞ்சை விட்டுச் சரிந்தாள். ஐயர் நிதானம் இழக்காமல், "மணமக்களுக்கும் கூழைக்கடாவுக்கும் இரத்த உறவு ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். அவர் வேண்டுமென்றே கேட்டாரா, பதற்றத்தில் கேட்டாரா என்பது இன்னும் தெரியவில்லை. நீர் அதற்கு, "அத வாத்தியார்ட்ட கேளும். அவருதான் அதுக பிள்ளப்பேறு பாக்குதாரு" என்று சொன்னீர். சபையார் சிரித்தார்கள். என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் சிரித்தார்கள்.

உம்முடைய தடை செல்லாது என்று ஐயர் தீர்த்துவிட்டார். ஆனால் இரண்டு வீட்டாரும் ராஜியாகாவிட்டால் மூன்றாவது ஓலையை வாசிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார். மூன்றாவது ஓலை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. இன்பமணி நேற்றிலிருந்து வீட்டிலுள்ள பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் துலக்குகிறாள். துலக்கினதையே மறுபடியும் துலக்குகிறாள்.

உம்முடைய தை மாதம் 13ஆம் தேதிக் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். எனக்குக் கோபம் இருந்தாலும், தெருமுனையில் மேளத்தை இறக்கிவைத்த சங்கதியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆகையால் ஒரு வழி யோசித்தேன்.

கல்யாண விருந்தை வள்ளியூரில் என் மைத்துனர் அப்பாத்துரை வீட்டில் வைத்துக்கொள்வோம். அங்கே மரமும் இல்லை, நாரையும் இல்லை. கோவிலில் கல்யாணம் முடிந்து எல்லாரும் வள்ளியூர் போனபின், அசன் மைதீன் பாய் மறுநாள் விடியும்வரை அடிக்கலாம். குளத்தைக் கடக்கும்போது மட்டும் மேளம் துணி சுற்றி வரவேண்டும். மேளம் வரும், சத்தம் வராது.

பதில் எழுதவும்.

பாக்கியசீலன்


தென்கரை
1084, தை 29

வாத்தியாருக்கு,

சாலோமி சொல்லித்தான் எழுதுகிறேன். அவள், "நீங்க தடை சொன்னது மேளத்துக்கா, மருமகளுக்கா? அந்தப் பிள்ள என்ன செஞ்சா?" என்று கேட்டாள். மாசிலாமணி கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு ஒரே சட்டையை மூன்றாம் தடவை அலசுகிறான். உம் வீட்டில் பாத்திரம், என் வீட்டில் சட்டை.

சம்மதம். ஆனால் நிபந்தனை உண்டு. மேளம் ஊர்வலத்துக்கு முன்னால்தான் வரும். மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் வராது. பேண்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு, அடிக்கிறதுபோலவே நடப்பார்கள். ஊதுகிறவன் ஊதமாட்டான், ஆனால் குழலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு வருவான். உம் ஊரில் ஒருத்தர்கூடச் சிரிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களைத் தனியாகக் கண்டித்து வையும்.

அசன் மைதீன் பாயிடம் சொன்னேன். "அண்ணாச்சி, நா கப்பல்காரங்களுக்கு அடிச்சிருக்கேன், கந்தூரிக்கு அடிச்சிருக்கேன். அடிக்காம இருக்கதுக்கு என்ன யாரும் கூப்பிட்டதில்ல. அதுக்குத் தனியாப் பழகணும்" என்கிறார். நேற்றிலிருந்து பழகுகிறார்கள். என் வீட்டு முற்றத்தில் ஆறு பேர் சத்தமில்லாமல் மேளம் அடிக்கிறார்கள். பார்க்க ஊரே கூடி நிற்கிறது.

ஞானையா


வடகரை
1909 பிப்ரவரி 15, திங்கள்

அன்புள்ள சம்பந்தியார் அவர்களுக்கு,

மூன்றாவது ஓலை நேற்று வாசிக்கப்பட்டது. தடை கேட்டபோது சபையார் முழுவதும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். தாங்கள் வராததற்கு நன்றி.

வழியைப் பற்றி ஒரு வார்த்தை. தென்கரைத் தீர்வைச் சவுக்கைக்குப் பக்கத்தில் தோணித்துறை இருக்கிறது. அங்கே தோணி ஏறினால் சம்புப் புதருக்கு நடுவே ஒரு வாய்க்கால் நேராகக் கோவில் படிக்கு வரும். கருவேல மரங்களை ஒட்டி வரவேண்டியிருப்பதால் பேச்சும் வேண்டாம். துடுப்பு வேண்டாம், கழியால் ஊன்றி வரட்டும். பெண்கள் குடை விரிக்கவேண்டாம். குஞ்சுகள் பொரிந்துவிட்டன.

சிரிக்கமாட்டோம் என்று ஊர்க்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். தண்டோராக்காரரை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாக்கியசீலன்


தென்கரைச் சவுக்கை
மாசி 11, கல்யாண நாள், காலை

வாத்தியாரே,

பென்சிலில் எழுதுகிறேன். முத்துமாலையை விரட்டி அனுப்புகிறேன். எங்களைச் சவுக்கையில் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

நாற்பது பேர் நீர் சொன்னபடியே வாயைத் திறக்காமல் வந்தோம். கைப்பிள்ளைகூட அழவில்லை. அதுதான் வினையாயிற்று. சவுக்கை அதிகாரிப் பிள்ளை புதியவர், சிவசைலம் என்று பெயர். குறுக்கே சங்கிலியைப் போட்டுவிட்டார்.

"எங்கவே போவுதீரு?"

"கல்யாணத்துக்கு."

"நாப்பது பேரு கல்யாணத்துக்குப் போவுதீரு. ஒருத்தன் வாயத் தொறக்கல. இது கல்யாணமா, களவா? அந்த மேளத்த எதுக்குவே போர்வையில சுத்தியிருக்கு?"

"சத்தம் வரக்கூடாதுன்னுதான்."

"சத்தம் வரக்கூடாதுன்னா மேளம் எதுக்கு?"

இதற்குப் பதில் நீர் இருந்தால் சொல்லியிருப்பீர். நான் கூழைக்கடாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிப்பாயைக் கூப்பிட்டு என் மடியைச் சோதிக்கச் சொன்னார்.

போன மாதம் ஒரு கூட்டம் பாடை கட்டி, பிணத்துக்குப் பதிலாகப் பாக்கு மூட்டையை வைத்து, ஒப்பாரி பாடிக்கொண்டே தீர்வை கட்டாமல் எல்லை தாண்டிவிட்டதாம். அன்றையிலிருந்து இவர் அழுகையை நம்புவதில்லை. இன்றைக்கு மௌனத்தையும் நம்பவில்லை. மேளத்துக்குள் நல்லமிளகு இருக்கிறது என்கிறார். தூக்கிக் குலுக்கினார். என் போதாத காலம், உள்ளே ஏதோ "கடக்" என்று உருண்டது. அசன் மைதீன் பாய்க்கே அது என்னவென்று தெரியவில்லை.

"மிளகு ரொம்பின மேளம் அதிராது. அடிச்சுக் காட்டும்வே. சத்தம் வந்தா விட்டிருதேன். இல்லன்னா பேஷ்கார் வாரதுவரைக்கும் இங்கனயே கெடயும்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவருக்கு மேலுள்ள அந்தப் பேஷ்கார் நாளைக்குத்தான் வருவாராம்.

என்ன செய்யட்டும்?

ஞானையா


கோவில் வாசல்
பிப்ரவரி 22

சம்பந்தியாரே,

அடிக்கச் சொல்லும்.

ஐயர் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாலைக்குள் பாளையங்கோட்டைக்கு வண்டி ஏறவேண்டுமாம். நாளை மறுநாள் சாம்பல் புதன். மாப்பிள்ளையின் கப்பலும் காத்திருக்காது. இன்பமணி அலங்காரம் பண்ணி உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாரம்மாள் என்னிடம், "அதுகளுக்கு வருசா வருசம் பிள்ள. எனக்கு ஒண்ணே ஒண்ணு. அடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊர்க்காரரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள். பிறகு அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன்.

ஒரே ஒரு அடி போதுமா என்று கேட்டுப் பாரும். முடியாதென்றால் அவர் கேட்கிறமட்டும் அடிக்கச் சொல்லும். நான் குளத்துப் பக்கம் பார்க்காமல் கோவிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

பாக்கியசீலன்


சவுக்கைத் துறை
மாசி 11, உச்சிப்பொழுது

வாத்தியாரே,

அடிக்கவில்லை. அடிக்கவும் விடமாட்டேன்.

உம் காகிதம் வருவதற்கு முன்னால் இங்கே ஒன்று நடந்தது. சிவசைலம் பிள்ளையின் சிப்பாய் தோணியைச் சோதிக்கப் போய், துப்பாக்கியைப் பலகைமேல் நழுவவிட்டான். வெடிக்கவில்லை, கட்டை இடித்து "டம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துறைக்கு எதிரே நிற்கிற கருவேல மரத்தில் இருந்ததெல்லாம் எழுந்துவிட்டது.

அந்த மரத்தை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். மீன் திருடுகிறவர்கள் குடியிருக்கிற மரம் என்றுதான் பார்த்திருக்கிறேன். தாய்கள் எழுந்தபிறகுதான் கூட்டுக்குள் இருந்ததைக் கண்டேன். உரித்த கோழிபோல் கிடக்கிறது வாத்தியாரே. ரோமம் இல்லை. அந்த வெயிலில் வாயைப் பிளந்து தலையை ஆட்டுகிறது. அதுவரைக்கும் தாய்கள் இறக்கையை விரித்துக்கொண்டு சும்மா நிற்கின்றன என்று நினைத்திருந்தேன். பிள்ளைக்குக் குடை பிடித்திருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காகம் வந்தது. பிறகு ஒரு பருந்து. ஒரு குஞ்சைக் கொண்டுபோய்விட்டது. சாலோமி தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு துப்பாக்கிக் கட்டைக்கு ஒரு குஞ்சு. அசன் மைதீன் பாய் மேளத்துக்கு எத்தனை? நீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வீர். நான் இங்கே நின்று பார்க்கவேண்டும்.

சிவசைலம் பிள்ளையிடம், "மேளத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாப் போதுமாவே?" என்று கேட்டேன். போதும் என்றார். தோலைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கயிற்றை அவிழ்த்து மறுபடி முறுக்கேற்றப் பொழுது சாய்ந்துவிடும் என்றார் பாய். பக்கத்தில் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் கத்தியை வாங்கி, தோலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் நானே கிழித்தேன்.

"அல்லாவே! அண்ணாச்சி, மேளத்தக் கிழிச்சா நா எதத் தட்டிப் பொழைக்க?" என்று பாய் கையைப் பிடித்தார். புதுத் தோல் என் பொறுப்பு என்றேன். சிவசைலம் பிள்ளை தலையை உள்ளேவிட்டுப் பார்த்தார். மிளகு இல்லை. ஒரு பாக்குவெட்டி இருந்தது. போன வருஷம் தோல் கட்டினபோது பாய் அதை உள்ளேயே மறந்துவைத்துவிட்டார். இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதத் தொலச்சேன்னு எம் பெண்டாட்டியோட அந்தச் சண்ட போட்டேனே" என்று அழவும் செய்கிறார், சிரிக்கவும் செய்கிறார்.

சங்கிலியை எடுத்துவிட்டார்கள். தோணி ஏறுகிறோம். முத்துமாலை முன்னால் வருகிறான். ஐயரைப் பிடித்து வையும்.

கிழிந்த மேளம்தான் முன்னால் வரும். அதில் மாற்றம் இல்லை.

ஞானையா


வடகரை
1909 மார்ச் 6, சனி

அன்பான சம்பந்தியார் அவர்களுக்கு,

பிள்ளைகளைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிவிட்டு நேற்று வந்து சேர்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. இன்பமணி அழவில்லை, மாப்பிள்ளைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைத் தங்களிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்றைய தினம் கூட்டத்தில் தங்களிடம் பேச முடியவில்லை. ஐயர் தங்களுக்காக ஞானப்பாட்டுகளை ஒரு கவிகூட விடாமல் பாடவைத்ததைத் தாங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். தோணிகள் கோவில் படியில் அணைந்தபோது சபையார் அநேகமாகத் தொண்டை கட்டியிருந்தார்கள். தங்கள் ஊர்வலம் படியேறிய விதத்தை ஊர் இன்னும் பேசுகிறது. சிவப்புக் கோட்டு, உப்பின கன்னம், நடுவே வாய் பிளந்த மேளம். யாரும் சிரிக்கவில்லை. தண்டோராக்காரர் மட்டும் தாங்க முடியாமல், மேளத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு மெதுவாக "டும் டும்" என்று வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். தாங்கள் அவரை முறைத்தீர்கள். அவர் கேலிக்குச் செய்யவில்லை. என்ன நடந்தது என்பதை முத்துமாலை முன்னாலேயே அவரிடம் சொல்லியிருந்தான்.

வள்ளியூரில் மேளம் இல்லாமல் போயிற்றே என்று எனக்குத் துக்கம்தான். ஊர்க்காரர் கூடிப் பேசி, புதுத் தோலை வடகரை ஏற்றுக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறார்கள். மறுக்கவேண்டாம். அடிக்கச் சொல்லி எழுதியதையும் அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு யாரும் பேசவில்லை. இப்போது பேசுகிறார்கள்.

பாக்கியசீலன்


தென்கரை
1084, மாசி 28

சம்பந்திக்கு,

தோலுக்குச் சம்மதம். பாய் தோல் கட்டும்போது நான் பக்கத்தில் நின்று உள்ளே பார்க்கப்போகிறேன்.

நான் எழுதுவது அதற்காக அல்ல. அவசரக் காரியம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் கழித்து ஒரு சோடி கூழைக்கடா என் வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் வந்து உட்கார்ந்தது. துப்பாக்கி விழுந்த மரத்திலிருந்து வந்ததோ என்னவோ. கம்பை எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்தது. கம்பைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து குச்சி பொறுக்கிக்கொண்டுவந்து கூடு கட்டுகிறது. நேற்று சாலோமி மாடிப்படியில் ஏறிப் பார்த்துவிட்டு, முட்டை கிடக்கிறது என்றாள். நாற்றம் தாங்கவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு சமைக்கிறாள், ஆனாலும் ஒருவரையும் மரத்தடியில் சத்தம் போடவிடுவதில்லை.

அடுத்த வீட்டு ஆவுடைநாயகம் பிள்ளையின் மகள் கோமுவுக்குப் பங்குனியில் கல்யாணம். பந்தல் என் புளியமரத்தை ஒட்டிப் போடுகிறார். இரண்டு செட்டு நாதசுரம், தவில், போதாததற்கு அதிர்வேட்டு. நான் போய்ப் பையச் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"வே ஞானையா, நீரு ஊமக் கல்யாணம் நடத்துனீருன்னா ஊரே ஊமையாப் போகணுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன சொன்னேன் என்பதை எழுதவேண்டாம். அவர் ஒரு வேட்டு கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் மேல் எனக்கு முழுக் கோபமும் பட முடியவில்லை. மகளுக்குக் கல்யாணம் பண்ணுகிறவன் மேளம் கேட்கிறான். இதில் என்ன தப்பு? ஆனால் முட்டை கிடக்கிறதே. இரண்டும் எனக்குத் தெரிகிறது, ஆனால் வாயைத் திறந்தால் சண்டைதான் வருகிறது. உமக்கு ஏச்சு வாங்கிக்கொண்டே பேசிப் பழக்கம். என் ஏச்சையே வாங்கியிருக்கிறீர். ஆவுடைநாயகம் பிள்ளை அதில் பாதிகூட இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு முத்துமாலை தோணியிலேயே ஏறி வாரும். வந்ததும் அவர் வீட்டுக்குப் போகவேண்டாம். நேராக என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு தடவை மரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு போவோம். நான் பின்னால் நிற்கிறேன். பேசமாட்டேன்.

ஞானையா